ராஜாவுக்குப் போட்ட ஆரணிப் பட்டு

1

எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் போன வாரம் என் அக்காவை ஒட்டியிருக்கிறார்கள்.

வேலைக்குப் போகிற அவசரத்தில் முதலில் கவனிக்கவில்லை. பஸ் தாமதம். சும்மா நிற்கிறவன் கண் சுவரில் மேயும் அல்லவா, அப்படி மேய்ந்தபோது தென்பட்டாள். இந்த வருஷத்துக் கோடைக் கலைவிழாவுக்கான விளம்பரத் தாள் அது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு மேடை. மேடையில் மீசை வைத்த ராஜா ஒருவர். அவருக்கு முன்னால் இரண்டு கைகளிலும் ஒரு பட்டுப் புடவையை விரித்துப் பிடித்தபடி, நூல் புடவையும் காலில் கான்வாஸ் ஷூவுமாக, தொண்டூர் சாந்தம்மாள். கீழே கொட்டை எழுத்தில் எல்லோரும் வாருங்கள் என்று அச்சடித்திருக்கிறது.

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, போன வருஷம் அந்த நாடகத்துக்குத் தாமும் போயிருந்ததாகவும், அந்த இந்திய நடிகை பிரமாதம் என்றும் சொன்னார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? விழாக் குழுவினரே என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த அம்மாள் எந்த நாடகக் குழுவைச் சேர்ந்தவர் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் தொண்டூர் என்று சொல்லிவிட்டாள்.

என் அக்கா வயலில் மணிலாக்கொட்டை பயிரிடுகிற சம்சாரி வீட்டுப் பெண். நடிப்புக்கும் அவளுக்கும் இருக்கிற உறவு, எனக்கும் எட்மண்டன் நகரத்துக்கும் இருக்கிற உறவு மாதிரிதான். பார்வையாளர் வரிசையில் ஒரு இடம் உண்டு, அவ்வளவே. அவள் எப்படி மேடை ஏறினாள் என்பது இந்த ஊரில் எங்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவர்களில் ஒருவனாவது எழுதி வைக்க வேண்டாமா?

2

நான் கனடாவுக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. செஞ்சியில் பஸ் ஏறும்போது தோளில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் மருதேவி, இங்கே கல்லூரிக்குப் போய் 'டேவி' ஆகிவிட்டாள். பசி, குளிர், கோபம் மூன்றுக்கும் அவளிடம் தமிழ் இருக்கிறது. மற்றதெல்லாம் ஆங்கிலம்.

போன வருஷம் வரைக்கும் ஊரிலிருந்து ஒருவரும் எங்களைப் பார்க்க வந்ததில்லை. நைனா வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். ஆகவே எண்பத்தாறு கோடையில் அக்கா தானாகவே கிளம்பி வருகிறேன் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. விசா வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஏது தனிப் பெயர்? கடைசியில் அவளுடைய ஊரைக் குடும்பமாக்கி, 'சாந்தம்மாள் தொண்டூர்' என்று எழுதிக் கொடுத்துத்தான் தீர்ந்தது.

விமான நிலையத்தில் அவளை உள்ளேயே நிறுத்திவிட்டார்கள். பேச்சு புரியவில்லை, சொந்தக்காரர் யாராவது வரலாம் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட, நான் ஓடினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் அக்கா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி, தாலுகா ஆபீசில் நிற்கிறவள் போல நின்றாள். என்ன காரியமாக வந்திருக்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

"பொண்ணு கேக்க வந்திருக்கேன்னு சொல்லுடா," என்றாள் அக்கா.

சொந்தக்காரர்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்று மொழிபெயர்த்தேன். எத்தனை நாள் தங்குவார் என்றார் அவர். நான் அதையும் கேட்டேன்.

"அது நீங்க சரின்னு சொல்றதப் பொறுத்து," என்றாள்.

ஆறு வாரம் என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

3

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தம்பிக்குப் பெண் பிறந்து அக்காவுக்கு மகன் இருந்துவிட்டால், கேள்வியே கிடையாது, அது உரிமை. மருதேவி தொட்டிலில் கிடந்தபோதே தெருவில் இருக்கிறவர்கள் அவளை அப்பாண்டையின் பெண்டாட்டி என்றுதான் கொஞ்சினார்கள். அப்பாண்டை என்பது அக்காவின் ஒரே மகன். நல்ல பையன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்காவின் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்த என் மனைவி ராஜமதி, வெளுத்த முகத்தோடு சமையலறைக்கு வந்தாள். பெட்டியின் அடியில் மஞ்சள் துணியில் சுற்றி ஓர் அரக்கு நிற ஆரணிப் பட்டு இருக்கிறது என்றாள். நிச்சயப் புடவை. உங்கள் அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? வல்லத்தில் ராஜமதியின் பெரியப்பா இப்படித்தான் தங்கை மகனுக்குப் பெண் இல்லை என்று சொன்னார். அன்றைக்கு மூடிய கதவு, அந்தத் தங்கை செத்தபோதுகூடத் திறக்கவில்லை. நைனாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் செஞ்சி வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் ஊருக்குப் போகிறேன் என்றால் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் அர்த்தம். அக்காவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால், அப்புறம் லீவு கிடைத்தாலும் நான் எங்கே போய் இறங்குவது?

சரி என்று சொல்லலாமென்றால் என் பெண்ணைப் பார்க்க வேண்டுமே. பகலில் மருந்தியல் படிப்பு. மாலையில் கல்லூரி நாடகக் குழு. வீட்டுக்கு வரும்போது எந்த நேரமோ, மேலுதட்டில் மீசை ஒட்டிய பசை காய்ந்திருக்கும். தொண்டூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவளை உட்கார வைத்து அத்தை எதற்கு வந்திருக்கிறாள் என்று சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்கும் வரவில்லை.

ஆனால் அக்கா அவசரப்படவே இல்லை. மருதேவி கோடை விழாவில் வேஷம் கட்டப் போகிறாள் என்று தெரிந்ததும், புள்ளயின் கூத்து முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். எங்கள் பக்கம் கூத்து நடக்கிற நாட்களில் ஊருக்கே காப்புக் கட்டியிருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஆற்றங்கரையில் மைதானத்தை அடைத்து வண்ணக் கொடிகள் கட்டுவதை ஒரு நாள் காரிலிருந்து பார்த்தவள், இங்கேயும் காப்புக் கட்டிவிட்டார்கள் என்று தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். நானும் அதை மறுக்கவில்லை. எனக்கு நாள் கிடைத்ததே பெரிது.

4

இதற்கு நடுவில் சோற்றுப் பிரச்சினை.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீடுகளில் சாப்பிடுவதில்லை. செஞ்சியில் இது ஒரு சிரமமே அல்ல. ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு வந்து இலையில் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியனும் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகிற ஒழுக்கமான சூரியன்.

எட்மண்டன் சூரியன் அப்படியில்லை. குளிர்காலத்தில் நான் அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது இருட்டியிருக்கும். சூரியனைக் கேட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு சரி. ஆகவே மாலை ஏழு மணி வரைக்கும் பொழுது இருப்பதாக நானும் ராஜமதியும் முதல் குளிர்காலத்திலேயே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டோம். கோடையில் சூரியன் இரவு பத்து மணி வரைக்கும் வானத்திலேயே நிற்கும். அப்போது தீர்மானத்தைத் தூக்கி வைத்துவிட்டுச் சூரியனை நம்புவோம்.

வந்த அன்று அக்கா ஆறு மணிக்கே பரபரப்பாகச் சாப்பிட்டு வாய் கொப்பளித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏழானது, எட்டானது, ஒன்பதானது. வெயில் சுவரை விட்டு இறங்குவதாக இல்லை. நாங்கள் அப்போதுதான் தட்டு போட்டோம்.

"இன்னாடா தம்பி, உங்க ஊர்ல பொழுது பூடுமா, பூடாதா?" என்றாள்.

எங்கள் ஏற்பாட்டை விளக்கினேன். குளிர்காலத்துத் தீர்மானத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"குளிருக்குக் கடியாரம், வெயிலுக்கு சூரியனா? நல்லா இருக்குதுடா உன் ஞாயம்."

இப்படிப்பட்ட வெளிச்சத்தைத் தன்னால் பொழுது என்று ஒப்புக்கொள்ள முடியாது என்றும், ஆறு மணிக்கு மேல் சாப்பிட்டால் திருடித் தின்கிற மாதிரி இருக்கும் என்றும் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் சமையலறைக் கடியாரத்தில் ஆறு அடித்தால் அக்காவுக்குத் தொண்டூரில் பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். வெளியே நடுப்பகல் மாதிரி வெயில் அடித்துக்கொண்டிருக்க, இவள் விரதக்காரி போல வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

மருதேவிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்களோடு சேர்ந்து சாப்பிட்டே மாதக்கணக்கில் ஆகியிருந்த பெண், ஐந்தரைக்கு ஓடிவந்து அத்தையோடு உட்கார்ந்து ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு ஒத்திகைக்கு ஓடுவாள். இரவு நண்பர்களோடு வேறு ஏதாவது சாப்பிடுவாள் என்பதும் உண்மைதான். தன்னுடைய கான்வாஸ் ஷூவை அக்காவுக்குப் போட்டு, கயிறு கட்டிவிட்டு, பூங்காவில் நடக்க அழைத்துப் போனாள். அக்கா இதுவரை செருப்பே போடாமல் வயலில் நடந்தவள். ஷூவைக் கழற்றவே மாட்டேன் என்றாள். இரண்டு பேரும் என்ன பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மருதேவி கட்டப்போகிற ராஜா வேஷத்தின் மேலங்கிக்குத் தன் கையாலேயே ஜரிகைக் கரை வைத்துத் தைத்துக் கொடுத்தாள் அக்கா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. இவ்வளவு ஒட்டிக்கொண்ட பிறகு இல்லை என்று சொன்னால் இரண்டு மடங்கு வலிக்குமே.

5

கூத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வைகாசி மாதத்தில் பக்கத்து ஊரில் பாரதக் கூத்து வைப்பார்கள். கூத்து வைக்கிற அம்மன் கோயில் ஜைனர்களான எங்களுக்கு இல்லை. ஆனால் கூத்து எல்லோருக்கும் பொது. சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செஞ்சியிலிருந்து நடந்தே போவோம். துகில் உரிகிற அன்றைக்குக் கூட்டம் தாங்காது. பாஞ்சாலியாக வேஷம் கட்டுபவர் பகலில் ஏர் ஓட்டுகிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் துச்சாதனன் முந்தானையில் கை வைத்துவிட்டால் பெண்களுக்கு இருப்புக் கொள்ளாது. யாராவது ஒருத்தி எழுந்து நேரே ஆட்டத்துக்கு நடுவில் போய், கொண்டுவந்த புதுப் புடவையை அவர்மேல் போடுவாள். கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி இன்னார் வீட்டுப் புடவை என்று ஊர் கேட்கச் சொல்லுவான். அப்புறம் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்படிப் போட்ட புடவை வேஷக்காரருக்கு. திரும்ப வாங்குவது வழக்கமில்லை.

எங்கள் அம்மா வருஷம் தவறாமல் ஒரு நூல் புடவை எடுத்துவைப்பாள். ஒரு வருஷம் அவளுக்குக் காய்ச்சல். பாவாடை தாவணியில் இருந்த அக்காதான் புடவையை எடுத்துக்கொண்டு போனாள். நான் சாக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேஷக்காரர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகத்தில் ஓடிய கண்ணீர் அப்படியே இருந்தது. அழுகையும் பாட்டும் நிற்கவில்லை. திரும்பி வந்த அக்கா என் காதில், தான் அவ்வளவு கிட்டத்தில் போய் நின்றும் அவருக்கு வேஷம் கலையவில்லை என்று சொன்னாள். அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல ஆட்டக்காரருக்கு அவள் வைத்திருந்த அளவுகோல் அதுதான்.

6

விழாவின் கடைசி நாள்தான் மருதேவியின் நாடகம். அன்று காலையில் அக்கா தலைக்குக் குளித்தாள். இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது, கூத்து முடிந்த கையோடு புள்ளயிடம் பேசிவிடலாம் என்று என்னிடம் சொன்னாள். புறப்படும்போது மஞ்சள் துணி மூட்டை அவள் கைப்பையில் ஏறியது. ராஜமதி எனக்கு மட்டும் கேட்கும்படி, இப்போதாவது வாயைத் திறங்கள் என்றாள். நாடகம் முடியட்டும் என்று நானும் அக்காவைப் போலவே சொன்னேன்.

பகலெல்லாம் நாடகச் சாமான்களும் வண்டி ஏற்பாடுமாக வீடு அமளிப்பட்டதில், ஆறு மணிக்குள் அக்கா சாப்பிடவில்லை. ராஜமதி தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். இன்றைக்கு உபவாசம், போயிற்று போ என்றாள்.

ஆற்றங்கரை முழுக்க ஜனம். ஒருவன் தீப்பந்தங்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி குழந்தைகளின் முகத்தில் புலி வரைந்துகொண்டிருந்தாள். கறி சுடுகிற புகை வந்த பக்கமெல்லாம் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள். மேடையைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே ஆச்சரியம். விளக்கில்லை, மத்தளம் இல்லை, கட்டியங்காரன் இல்லை. பளீரென்ற வெயிலில் ஜனங்கள் மடக்கு நாற்காலிகளில் பரீட்சை எழுதுகிறவர்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டப்பகல் கூத்து என்று சொல்லிச் சிரித்தாள். மீசையோடு மருதேவி மேடைக்கு வந்தபோது இன்னும் சிரித்தாள். நம்ம ஊரில் ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டுகிறான், இங்கே பொம்பளை ஆம்பளை வேஷம் கட்டுகிறாளா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

கதை எளிதானதுதான். மமதை பிடித்த ராஜா ஒருவனை அவனுடைய மந்திரிகளே கவிழ்த்துவிடுகிறார்கள். அக்காவுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. ஆனால் எங்கள் யாரையும் விளக்கம் கேட்கவில்லை. என் பெண் நடக்கிற நடையை, திரும்புகிற திருப்பத்தை, முன்னால் குனிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் நானும் அன்றுதான் பார்த்தேன். அதுவரை நாடகம் என்றால் அவள் வீட்டுக்குத் தாமதமாக வருவதற்கு ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தெரியும். மேடையில் நின்றது நான் வளர்த்த பெண் மாதிரியே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

மந்திரிகள் கிரீடத்தைப் பிடுங்கினார்கள். வாளைப் பிடுங்கினார்கள். பிறகு நான்கு பேராகச் சேர்ந்து மேலங்கியைப் பிடித்து இழுத்தார்கள், அக்கா ஜரிகை வைத்துத் தைத்த மேலங்கியை. அது கழன்று போனது. மெல்லிய வெள்ளைச் சட்டையோடு ராஜா நடுவில் நின்றார். ஆற்றுக் காற்று குளிர்ந்து வீசத் தொடங்கியிருந்தது. மருதேவி இரண்டு கைகளாலும் உடம்பைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். நடிப்பா, நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி.

மஞ்சள் துணியைத் தரையில் உதறிவிட்டு, புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, கான்வாஸ் ஷூ சரக் சரக்கென்று உரச அக்கா நாற்காலிகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை போட்ட விழாத் தொண்டர் ஒருவர் மறிக்க வந்தார். அவரை ஒரு கையால் விலக்கிவிட்டு மூன்று படிகளையும் ஏறிவிட்டாள். நான் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டேன். இது நாடகம் அக்கா, இங்கே அந்த வழக்கமெல்லாம் கிடையாது என்று கத்த நினைத்தேன்.

மந்திரிகள் திகைத்து விலகினார்கள். அக்கா புடவையைப் பிரித்தாள். பிரித்தவள் விரித்த கையோடு சற்று நேரம் அப்படியே நின்றாள். அந்தச் சமயத்தில் எடுத்த படத்தைத்தான் இப்போது பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு ராஜாவின் தோளில் அதைப் போட்டு, முன்னால் இழுத்துச் சேர்த்துவிட்டாள்.

மருதேவி ஒரே ஒரு தரம் அத்தையைப் பார்த்தாள். பட்டின் ஓரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுத் துணியைக் கட்டும்போது ராஜமதி செய்வது அது. என் மகள் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு அரக்குப் பட்டுக்குள் நிமிர்ந்து நின்று, மந்திரிகளைப் பார்த்து ராஜா பேச வேண்டிய வசனத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். குரல் பிசகவில்லை. அக்கா படியிறங்கி வந்து உட்கார்ந்தாள். நாடகம் முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

7

மீசை ஒரு பக்கம் தொங்க மருதேவி ஓடிவந்தாள். முதலில் அத்தையைக் கட்டிக்கொண்டாள். பிறகு மடித்த புடவையை நீட்டினாள். நல்ல பட்டாக இருக்கிறது, அத்தை எதற்காகவோ வைத்திருந்தது போலத் தெரிகிறது என்று அரைத் தமிழில் சொன்னாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேசத்துக்குப் போட்டத திருப்பி வாங்கக் கூடாது. அது உன்னுது."

ராஜமதி என் கையைப் பிடித்தாள். நாங்கள் காரை நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தோம். தாயும் மகளும் வேஷச் சாமான்களைப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனேன். ஆறு வாரமாகத் திறக்காத வாய் அப்போதுதான் திறந்தது. அது நிச்சயத்துக்கு எடுத்த புடவையாயிற்றே, அவசரத்தில் மறந்துபோய்க் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்தப்ப மறந்துதான் பூட்டேன். மேல ஏறி பிரிச்சப்ப ஞாபகம் வந்துச்சி. வந்தப்புறமும் போட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"அவ்ளோ கிட்டத்துல போயி நின்னேன். புள்ளைக்கு வேசம் கலையலடா. அவள எறக்கிக் கூட்டினு போயி உரக்கடைல உக்கார வைக்கறதா? கூத்துல போட்ட பொடவைய நிச்சயத்துக்கு வைக்கமாட்டாங்க. அப்பாண்டைக்கு ஆரணில வேற எடுத்துக்கலாம்."

அப்பாண்டை என்ன சொல்வான், மாமா என்ன சொல்வார் என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வருகிற பொங்கலுக்கு நீ வந்து சேர், புள்ளையையும் அழைத்து வா, வெறும் அத்தை வீட்டுக்கு வருகிற மாதிரி வரட்டும் என்றாள். வாகன நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க நான் அழுதேன். அக்கா முந்தானையை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சின்ன வயதில் மூக்கு சிந்திவிடுகிற அதே அழுத்தம்.

காரில் ஏறி உட்கார்ந்தோம். மருதேவி புடவையைச் சால்வை போலப் போர்த்திக்கொண்டு அத்தையின் மேல் சாய்ந்தாள். பசிக்கிறது என்றாள், தமிழில். நான் சாவியைத் திருகப் போனேன்.

"பொழுது இன்னும் இருக்குதா, பாரு," என்றாள் அக்கா.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், மரங்களின் தலைக்கு மேல் சூரியன் சிவந்து நின்றது. இருக்கிறது என்றேன். ஆனால் மணி ஒன்பதரை ஆகிவிட்டது என்றும் சொன்னேன்.

"கடியாரத்த யாருடா கேட்டா? இந்த ஊருக்கு இந்த ஊர்ப் பொழுதுதான். அந்த டப்பாவ எடு."

ராஜமதி டப்பாவைத் திறந்து பின்னால் நீட்டினாள். அக்கா தயிர்ச்சோற்றைப் பிசைந்து, முதல் பிடியை மீசைப் பசை காயாத வாய்க்காரியின் கையில் வைத்தாள். அடுத்தது ராஜமதிக்கு, அடுத்தது எனக்கு. கடைசியில் தானும் ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் நால்வரும் சாப்பிட்டு முடித்தோம்.